புல்லட் எஞ்சினுக்குப் பிஸ்டன் தேர்ந்தெடுத்தல்
(ஒரு செயல்முறைக் கட்டுரை)

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும் என்பதை நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்துவிட்டோம். தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டுதல் என்று இரண்டு எடுத்துக்காட்டுகளை எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். அந்தப் பாடத்தை நான் உண்மையிலேயே கற்றுக்கொண்டது வகுப்பறையில் அன்று; கோட்டாறில் எங்கள் வீட்டுப் பின்புறச் சாய்ப்பில், ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் அருகே உட்கார்ந்துதான். அங்கு நான் அளந்ததையும் கணக்கிட்டதையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் தந்தையார் கோட்டாறு கம்போளத்தில் பாத்திர வியாபாரம் செய்பவர். 1984-ஆம் ஆண்டு மாடல் புல்லட் 350 ஒன்று அவரிடம் இருந்தது. 2015-இல் அதன் எஞ்சினைப் பிரித்து, வெளியூர்ப் பட்டறை ஒன்றில் போர் பண்ணிப் புதுப் பிஸ்டன் போட்டார். இருநூறு கிலோமீட்டர்கூட ஓடியிராது. ஆனி மாதத்தில் ஒரு நாள், திருநெல்வேலியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு திரும்பினார். காவல்கிணறு தாண்டி முப்பந்தல் அருகே வரும்போது எதிர்க்காற்று. காற்றாலைகளைச் சுழற்றும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படிப்பட்டது என்று இந்த மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழு வேகத்தில் முறுக்கிப் பிடித்து வந்தபோது பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் சிக்கி வண்டி சாய்ந்தது. அப்பாவுக்குக் கைமணிக்கட்டு முறிந்தது. அம்மாவுக்கு இன்றும் மழைக்காலத்தில் முழங்கால் வலிக்கும்.

“ஆயில் பார்க்காமல் ஓட்டியிருக்கிறீர்கள்” என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். அப்பா மறுக்கவில்லை. ஒருவேளை பார்க்காமல்தான் விட்டுவிட்டோமோ என்று அவரே நம்பிவிட்டார். அதன் பிறகு அந்த வண்டியை அவர் தொடவும் இல்லை, விற்கவும் இல்லை. சென்ற கோடை விடுமுறையில் நான் அதைப் பிரிக்கப் போகிறேன் என்றபோது, “அந்தச் சவத்த எடுத்து இரும்புக்கடையில போடு மக்கா” என்று மட்டும் சொன்னார்.

காற்றால் குளிரும் எஞ்சின்

புல்லட்டின் வரலாறு நம் மாநிலத்தோடு ஒட்டியது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த இவ்வண்டியை, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவோடு சென்னையில் உருவாக்கத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் 1970-ஐ ஒட்டி மூடப்பட்ட பின்னும் பிள்ளை இங்கே வளர்ந்தது. பிஸ்டன் செய்யும் தொழிலும் சென்னைக்குப் புதியதன்று. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் 1949-இலேயே தொடங்கிவிட்டது.

பழைய புல்லட் 350-இன் சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 90 மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்பை நீளத்தால் பெருக்கினால் 346 கன சென்டிமீட்டர் வரும். வண்டியின் பெயரில் உள்ள 350 இதுதான். (பாடநூல் பிஸ்டனை உந்துதண்டு என்றும் சிலிண்டரை உருளை என்றும் சொல்லும். பட்டறையில் சிலிண்டரைப் பிளாக் என்பார்கள். நான் பட்டறையில் கேட்ட சொற்களையே எழுதுகிறேன்.)

கார் எஞ்சினில் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அதனால் சிலிண்டரின் வெப்பநிலை ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது. புல்லட்டில் தண்ணீர் கிடையாது. பிளாக்கைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும் தகடுகள்மேல் படும் காற்றுதான் ஒரே துணை. ஏற்றம், எதிர்க்காற்று, பாரம், வெயில் என்று எது வந்தாலும் பிளாக்கின் வெப்பநிலை ஏறி இறங்கும். ஆகவே காற்றால் குளிரும் எஞ்சினுக்குப் பிஸ்டனும் சிலிண்டரும் தேர்ந்தெடுக்கும்போது, தண்ணீரால் குளிரும் எஞ்சினின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே.

டம்ளரும் பிஸ்டனும்

ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட எவர்சில்வர் டம்ளர்களை அம்மா எப்படிப் பிரிக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? உள்டம்ளரில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, வெளிடம்ளரைச் சுடுநீரில் வைப்பார். உள்ளே இருப்பது சுருங்கும், வெளியே இருப்பது விரியும், இரண்டும் கழன்றுவிடும். எஞ்சினுக்குள் நடப்பது இதற்கு நேர்மாறு. உள்ளே இருக்கும் பிஸ்டன் நெருப்பின் வாயில் நிற்கிறது. வெளியே இருக்கும் சிலிண்டருக்குக் காற்று வீசுகிறது. போதாக்குறைக்குப் பிஸ்டன் அலுமினியக் கலவை. அது வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியக்கூடியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிஸ்டன் கலவையின் நீள்விரிவுக் குணகத்தை ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 20 என்றும், வார்ப்பிரும்பினுடையதைப் பத்து லட்சத்தில் 11 என்றும் கொள்வோம். ஓட்டத்தில் பிஸ்டனின் பாவாடைப் பகுதி 110 டிகிரி சூடேறுகிறது, சிலிண்டர் 90 டிகிரி சூடேறுகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

பிஸ்டன் விரிவு: 70 × 20 × 110 ÷ 10,00,000 = 0.154 மி.மீ.
சிலிண்டர் விரிவு: 70 × 11 × 90 ÷ 10,00,000 = 0.069 மி.மீ.
வேறுபாடு: 0.085 மி.மீ.

அதாவது, குளிர்ந்த நிலையில் இரண்டுக்கும் இடையே விட்ட இடைவெளியில் 0.085 மில்லிமீட்டர் ஓட்டத்தில் காணாமற்போகும். முதலில் 0.10 விட்டிருந்தால் எண்ணெய்ப் படலம் தங்க 0.015 மிஞ்சும். 0.05 மட்டுமே விட்டிருந்தால்? பிஸ்டனுக்கு இருக்க இடமே இல்லை. பட்டறையில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் ‘தவ்’ என்பார்கள். ஒரு தவ் 0.0254 மில்லிமீட்டர். ஆகவே 0.10 என்பது நாலு தவ், 0.05 என்பது இரண்டு தவ். ஒரு குடும்பம் பத்திரமாக வீடு வந்து சேர்வதும் சேராததும் இந்த இரண்டு தவ்வில் இருக்கிறது.

பழைய பிஸ்டன் சொன்ன சாட்சி

எனக்கு வழிகாட்டியவர் எங்கள் தெருவுக்கு அருகே பட்டறை வைத்திருக்கும் முதியவர். எங்கள் பகுதியில் தொழில் சொல்லிக்கொடுப்பவரை ஆசான் என்று அழைப்பது வழக்கம். நானும் அப்படியே அழைத்தேன். புதுப் பிஸ்டன் வாங்கப் பணம் கேட்பார் என்று நினைத்துப் போனேன். “மொதல்ல பழசப் பாரு மக்கா. அது ஏன் செத்துச்சுன்னு தெரியாம புதுச போட்டா அதுவும் சாவும்” என்றார்.

பார்த்தோம். பிஸ்டனில் உராய்வுக் காயங்கள் நான்கு இடங்களில் இருந்தன. பின் மாட்டும் துளைகளின் இரு பக்கமும் நான்கு மூலைபோல. சிலிண்டரிலும் அவற்றுக்கு நேராக நான்கு கோடுகள். பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிந்து இறுகினால் காயம் பெரும்பாலும் இப்படித்தான் விழும், ஏனெனில் பின் துளையைச் சுற்றி உலோகம் கனமாக இருக்கிறது. எண்ணெய் இல்லாமல் ஓடியிருந்தால் காயம் பாவாடை முழுதும் பரவியிருக்கும். கனெக்டிங் ராடின் அடிப் பேரிங்கும் அடிபட்டிருக்கும். அந்தப் பேரிங் நல்ல நிலையில் இருந்தது.

அடுத்து அளந்தோம். அளக்கும் முறையை நண்பர்கள் குறித்துக்கொள்வது நல்லது. பிஸ்டன் பார்வைக்கு வட்டம். உண்மையில் அது இலேசான நீள்வட்டம், மேற்பகுதி கீழ்ப்பகுதியைவிடச் சிறியது. சூடேறி விரியும்போது உருளையாக வரட்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். ஆகவே அதைப் பாவாடையின் அடிப்பகுதியில், பின்னுக்குச் செங்குத்தான திசையில் மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். சிலிண்டரை மேல், நடு, அடி என்று மூன்று உயரங்களிலும், ஒவ்வோர் உயரத்திலும் இரண்டு திசைகளிலும் அளக்க வேண்டும்.

பிஸ்டனின் தலையில் 020 என்று முத்திரை இருந்தது. அதாவது இருபது தவ் கூடுதல் அளவு. காயம் படாத இடத்தில் அது 70.43 மில்லிமீட்டர். சிலிண்டரின் அடிவிளிம்பில், பிஸ்டன் வளையங்கள் எட்டாத பகுதியில், உள்விட்டம் 70.48. அந்த இடம் தேய்வதில்லை. லேத்தில் கடைசியாக என்ன அளவுக்குப் போர் பண்ணினார்கள் என்பதை அது அப்படியே காட்டிக்கொடுக்கும். இடைவெளி 0.05. இரண்டே தவ்.

ஆசான் மைக்ரோமீட்டரை என்னிடம் தந்து இரண்டாம் முறையும் அளக்கச் சொன்னார். அதே அளவுதான். தண்ணீரால் குளிரும் கார் எஞ்சின்களுக்கு விடும் இடைவெளியை யாரோ பழக்கத்தால் புல்லட்டுக்கும் விட்டிருக்கிறார்கள். அவர்கள் வஞ்சனையாகச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் அப்பாவின் கவனக்குறைவு என்று பத்தாண்டு காலம் வீட்டில் பேசாமல் பேசிவந்த ஒரு செய்தி அந்த அளவோடு முடிந்தது.

போர் கேஜ் இல்லாதவர்களுக்கு

பிஸ்டன் வளையம் ஒன்றும் ஃபீலர் கேஜ் ஒன்றும் இருந்தால் தேய்மானத்தைக் கண்டுபிடிக்கலாம். வளையத்தைச் சிலிண்டரின் அடிப்பகுதிக்குத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியை அளக்கவும். பிறகு மேற்பகுதியில் வைத்து அளக்கவும். விட்டம் கூடினால் சுற்றளவு 3.14 மடங்கு கூடும் அல்லவா? ஆகவே இரு அளவுகளின் வேறுபாட்டை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தின் தேய்மானம் கிடைக்கும். எங்கள் சிலிண்டரில் அடியில் 0.30, மேலே 0.36. வேறுபாடு 0.06, வகுத்தால் 0.02 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. போர் கேஜும் மேற்பகுதியில் 70.50 என்றே காட்டியது. சிலிண்டர் தேயவே இல்லை. காயம் மட்டுமே பட்டிருக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று.

நான்கு வழிகள்

இனி எதைத் தேர்ந்தெடுப்பது? எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன.

முதலாவது, சிலிண்டரை இலேசாக ஹோனிங் செய்து பழைய பிஸ்டனையே போடுவது. செலவு குறைவு. ஆனால் கோடுகளில் ஆழமானது 0.15 மில்லிமீட்டர் இருக்கும் என்று ஆசான் கணித்தார். அதைப் போக்கும் அளவுக்கு உரசினால் இடைவெளி மிகுந்து பிஸ்டன் ஆடும். பழைய பிஸ்டனின் காயமும் ஆறாது. இவ்வழி ஆகாது.

இரண்டாவது, ஸ்லீவ் அடித்து மீண்டும் 70 மில்லிமீட்டருக்கே கொண்டுவருவது. இது நல்ல முறைதான். போர் பண்ண உலோகம் மிஞ்சாத பிளாக்குக்கு இதுவே வழி. ஆனால் ஸ்லீவ் பிளாக்கோடு முழுவதும் ஒட்டி உட்கார வேண்டும். வார்ப்பிரும்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் காற்றைப்போல ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு. ஆகவே ஸ்லீவுக்கும் பிளாக்குக்கும் இடையே 0.01 மில்லிமீட்டர் காற்று நின்றாலும், அது இருபது மில்லிமீட்டர் கன இரும்புச் சுவர் போல வெப்பத்தைத் தடுக்கும். தண்ணீர் இல்லாத எஞ்சினுக்கு இது பெரிய தண்டனை.

மூன்றாவது, பிளாக்கும் பிஸ்டனும் சேர்ந்த புதுச் செட் வாங்குவது. அவசரத்துக்கு ஏற்றது. ஆயினும் பெட்டியில் சேர்ந்து வந்துவிட்டதாலேயே இரண்டும் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. அதையும் அளந்தே மாட்ட வேண்டும். விலையும் அதிகம்.

நான்காவது, அடுத்த கூடுதல் அளவான நாற்பது தவ் பிஸ்டனை வாங்கி, அதற்கேற்பப் போர் பண்ணுவது. எங்கள் பிளாக்கில் அதற்கு உலோகம் இருந்தது. இதையே தேர்ந்தெடுத்தோம்.

அளவு கூடினால் எஞ்சின் கெட்டுவிடாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். நாற்பது தவ் என்பது 1.016 மில்லிமீட்டர். உள்விட்டம் ஏறத்தாழ 71.02 ஆனால் கொள்ளளவு 356 கன சென்டிமீட்டர் ஆகும்; நூற்றுக்கு மூன்று கூட ஏறவில்லை. அமுக்க விகிதம் முதலில் 6.5 என்று வைத்துக்கொண்டால் இப்போது சுமார் 6.66. இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. கவனிக்க வேண்டியது பிஸ்டனின் தலை வடிவம். பழையது தட்டையாக இருந்தால் தட்டையானதே வேண்டும். மேடிட்டது போட்டால் அமுக்கம் மிகுந்து எஞ்சின் தட்டும், சூடேறும். பின் துளையிலிருந்து தலை வரை உள்ள உயரமும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

வார்ப்புப் பிஸ்டனா, அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டனா என்பது மற்றொரு கேள்வி. ஃபோர்ஜ்டு வலுவானது, ஆனால் பொதுவாக அதிகம் விரியும், அதற்கு இடைவெளியும் அதிகம் விட வேண்டும், குளிர்ந்த நிலையில் சத்தம் போடும். பந்தயத்துக்குப் போகாத வண்டிக்கு வார்ப்புப் பிஸ்டனே போதும்.

பிஸ்டனின் எடையையும் பார்த்தோம். கோட்டாறில் உறவினர் ஒருவரின் நகைக்கடைத் தராசில் பழையதையும் புதியதையும் வைத்து நிறுத்தோம். வேறுபாடு சில கிராம்களே. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் எடை மிகவும் மாறினால் அதிர்வு கூடும்.

காரிலும் இதே பாடம்

உலகில் மிகுதியாக ஓடிய காற்றுக்குளிர்க் கார் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில். 2 கோடிக்கும் மேற்பட்டவை உற்பத்தியாகி, 2003-இல் மெக்சிகோவில் கடைசி வண்டி வெளிவந்தது. அதன் நான்கு சிலிண்டர்களும் தனித்தனியே கழன்று வரும். ஆகவே அங்கே போர் பண்ணுவதைவிடப் பிஸ்டனும் சிலிண்டரும் நான்கு செட்டாக மாற்றுவதே வழக்கம். நான்கு பிஸ்டன்களின் எடையும் பத்து கிராமுக்குமேல் வேறுபடக் கூடாது. 1600 எஞ்சினின் உள்விட்டம் 85.5 மில்லிமீட்டர், கொள்ளளவு 1584. அதே துளையில் நுழையும் 87 மில்லிமீட்டர் செட் போட்டால் 1641 ஆகும். சக்தி கூடுமே என்று ஆசைப்படலாம். ஆனால் வெளியளவு மாறாமல் உள்ளளவு மட்டும் கூடுவதால் சுவர் மெலிந்து, சூட்டில் கோணிவிடும். பெரிய அளவு வேண்டுமென்றால் எஞ்சின் பெட்டியையும் ஹெட்டையும் கடைந்து, கனமான சுவருள்ள சிலிண்டர் போட வேண்டும். இரும்பு குறைந்தால் வெப்பம் கேள்வி கேட்கும் என்பது கோட்டாறுக்கும் ஜெர்மனிக்கும் பொது.

எண்ணைப் பார்க்காதே, பிஸ்டனைப் பார்

லேத்துக்குப் போகும்போது ஆசான் சொன்ன சொல்லை அப்படியே தருகிறேன்: “நம்பரப் பாத்துப் போர் அடிக்கச் சொல்லாத மக்கா. பிஸ்டனக் கையில குடுத்து, அளந்து அடிக்கச் சொல்லு.”

முத்திரையில் 040 என்றுதான் இருக்கும். ஆனால் நாங்கள் வாங்கிய பிஸ்டன் அளவில் 70.93. அதோடு 0.10 கூட்டி, 71.03 என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். 70.48-லிருந்து 71.03 ஆக வேண்டுமானால் ஒரு பக்கத்துக்கு 0.275 மில்லிமீட்டர் உலோகம் போகும், 0.15 ஆழமுள்ள கோடு அதில் மறைந்துவிடும். கடைசி இரண்டொரு தவ்வை லேத்தில் எடுக்காமல் ஹோனிங்கில் எடுக்கச் சொன்னோம். அப்போதுதான் எண்ணெய் தங்கும் குறுக்குக் கோடுகள் சிலிண்டர் சுவரில் விழும்.

திரும்பி வந்ததும் ஆறு இடங்களில் அளந்தோம். வளையங்களை ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் வைத்து முனை இடைவெளி பார்த்தோம். விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு நாலு தவ் என்பது பட்டறைக் கணக்கு; எழுபது மில்லிமீட்டருக்குச் சுமார் பதினொரு தவ், அதாவது 0.28 மில்லிமீட்டர் வர வேண்டும். குறைவாக இருந்த ஒன்றை மெல்லிய அரத்தால் இழைத்துச் சரி செய்தோம். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக நில்லாதபடி மாற்றி வைத்து, எண்ணெய் தடவி மாட்டினோம்.

முதல் உதையில் எஞ்சின் ஓடவில்லை. ஒன்பதாம் உதையில் ஓடியது. முதல் ஐந்நூறு கிலோமீட்டர் ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாமலும், முழுவதும் முறுக்காமலும், ஏற்றத்தில் கீழ் கியரை மாற்றியும் ஓட்டினேன். செட்டிகுளம், இடலாக்குடி, தோவாளை என்று சிறு தூரங்கள்தாம். புதுப் பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றோடொன்று பழக இந்த அவகாசம் தேவை.

முடிவுரை

எஞ்சின் ஓடிய மறுநாள், அளவுகள் எழுதிய நோட்டை அப்பாவிடம் காட்டினேன். 70.43 என்பதையும் 70.48 என்பதையும் விரலால் தொட்டுக் காட்டி, கணக்கை விளக்கினேன். வெகுநேரம் பார்த்தார். “அப்போ ஆயில் இல்லியா?” என்று கேட்டார். “இல்லப்பா, இடம் இல்ல” என்றேன். பிறகு, “நீ எவ்வளவு விட்டிருக்க?” என்றார். “நாலு தவ்.” “ரெண்டு தடவ அளந்தியா?” “ஆறு தடவை.” நோட்டை மூடி அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சாய்ப்பில் வண்டி இல்லை. ஒழுகினசேரி, வெள்ளமடம் வழியாக ஆரல்வாய்மொழி வரை போய்விட்டு, ஒன்றரை மணி நேரத்தில் அப்பா திரும்பி வந்தார். அம்மா இன்னும் பின்னால் ஏறவில்லை. கை வைத்துப் பார்த்து, “சூடா இருக்கு” என்றார். சூடாகத்தான் இருக்கும். சூட்டுக்கு இடம் விட்டிருக்கிறோம்.

நண்பர்களே, பழைய எஞ்சினைப் புதுப்பிக்க விரும்புவோர் மறவாமல் கொள்ள வேண்டியவை மூன்று: பழைய பிஸ்டன் ஏன் கெட்டது என்று முதலில் அறிக. முத்திரையை நம்பாமல் அளந்து பார்க்க. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு அதற்குரிய இடைவெளியை விடுக. இம்மூன்றையும் செய்யாமல் ஓட்டியவர்மேல் குற்றம் சாட்டுவது எளிது. மைக்ரோமீட்டரை எடுத்துப் பார்த்தால் உண்மை தெரியும்.